எட்டால் பெருக்கச் சொன்னவள்

வாங்க தம்பி, உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் மூன்று மில்லிமீட்டர் குட்டை. இதில் உட்காருங்கள். பையைத் திறக்காதீர்கள். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் சங்கச் செயலாளர் தணிகாசலம் நேற்றே போன் செய்துவிட்டார். புது இன்டர்நெட் கம்பெனி, இருநூறு வேகம், இப்போது கட்டுகிற அதே கட்டணம். பசுஞ்சோலை நகரில் நாற்பத்திரண்டு வீடு. நாச்சிமுத்து சார் கையெழுத்துப் போட்டால் மற்ற நாற்பத்தொரு பேரும் போடுவார்கள். இப்படித்தானே உங்களிடமும் சொன்னார்? சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். என் கையெழுத்துக்கு இந்தக் காலனியில் ஓர் எடை உண்டு.

போடுகிறேன். போடமாட்டேன் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் இங்கே நடந்த ஒரு விஷயத்தைக் கேட்டுவிடுங்கள். சௌந்தரம், தம்பிக்கு ஒரு காபி. சௌந்தரம் என் மனைவி. சமையலறையில் இருந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்பாள். நடுவில் சிரிப்பாள். நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம்.

நான் முத்திரை ஆய்வாளராக இருந்தவன். தெரியுமா அந்த வேலை? கடைகளில் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிற வேலை. முப்பத்தொரு வருடம். பொள்ளாச்சிச் சந்தையில் நான் ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனையில் பாதிக் கடைக்கு ஷட்டர் இறங்கும். தட்டுக்கு அடியில் புளியை ஒட்டுகிறவன், எடைக்கல்லின் குழியில் இருக்கிற ஈயத்தைச் சுரண்டுகிறவன், அளக்கும்போது கட்டைவிரலைப் படிக்குள் விட்டுக்கொள்கிறவன், எல்லாரையும் பிடித்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்வது ஒன்றுதான். அலகு இல்லாத எண் எண்ணே இல்லை. 'வெங்காயம் முப்பது' என்று எழுதி வைத்திருந்தால் நோட்டீஸ் கொடு. கிலோ முப்பதா, கூறு முப்பதா? எழுதவில்லை என்றால் குற்றம். அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் காலனிக்கு இன்டர்நெட் கொடுக்கிறவள் பிருந்தா என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்கூட்டியின் முன்னால் கேபிள் சுருளை வைத்துக்கொண்டு வருவாள். கம்பத்தில் ஏணி சாய்த்து அவளே ஏறுவாள். நாற்பத்திரண்டு வீட்டுக்கும் அவள் கையால் இழுத்த கம்பிதான். நான் எடுத்திருந்தது நூறு வேகம். பில்லிலும் நூறு என்றுதான் இருக்கும்.

போன வருடம் ஆடி மாதம் என் பணி ஓய்வு விழா வீடியோவை என் பையன் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பினான். மூன்று மணி நேர வீடியோ. கலெக்டர் ஆபீஸில் இருந்து வந்தவர் மட்டும் நாற்பது நிமிடம் என்னைப் பற்றிப் பேசினார். சௌந்தரம் அந்த இடத்தில்தான் தூங்கிப்போனாள், அது வீடியோவிலும் இருக்கிறது. அதை இறக்கும்போது திரையில் ஒரு ஓரமாக வேகம் ஓடுகிறது பாருங்கள், அதைக் கவனித்தேன். பன்னிரண்டு.

நூறு எங்கே, பன்னிரண்டு எங்கே!

தம்பி, நூறு கிராம் கேட்டவனுக்குத் தொண்ணூற்றைந்து கிராம் கொடுத்தவனை நான் கோர்ட்டில் ஏற்றியிருக்கிறேன். இங்கே நூறுக்குப் பன்னிரண்டு. எண்பத்தெட்டு மாயம். எனக்கு வந்தது கோபம் இல்லை, ஒரு மாதிரி சந்தோஷம். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியிருந்தது, புரிகிறதா?

உடனே பாய்ந்துவிடவில்லை. ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். காலை, மதியம், மாலை. தினம் மூன்று முறை அந்த வீடியோவை அழித்து மறுபடி இறக்குவது, வேகத்தைக் குறிப்பது. பதினைந்து நாள். பன்னிரண்டு புள்ளி ஒன்று, பன்னிரண்டு, பன்னிரண்டு புள்ளி இரண்டு, பன்னிரண்டு புள்ளி ஒன்று. சராசரி பன்னிரண்டு புள்ளி ஒன்று. இவ்வளவு ஒழுங்காகத் திருடுகிறவரை என் சர்வீஸில் நான் பார்த்ததே இல்லை. சாதாரணத் திருடன் ஒருநாள் அதிகமாக எடுப்பான், ஒருநாள் பயந்து விட்டுவிடுவான். இது பெரிய கை என்று முடிவு செய்தேன்.

பிருந்தாவைக் கூப்பிட்டேன். வந்தாள். செருப்பை வெளியே விட்டு, "என்னங்க சார், லைன் விட்டு விட்டு வருதுங்களா?" என்றாள். நோட்டைக் காட்டினேன். பார்த்தாள். பிறகு தன் லேப்டாப்பை எடுத்து, என் லைனை அதில் சொருகி, திரையில் வேகம் காட்டுகிற ஏதோ ஒரு முள்ளை ஓடவிட்டாள். முள் தொண்ணூற்றெட்டில் போய் நின்றது.

"பாருங்க சார், கரெக்டா வருது."

"ஏம்மா, இது யாருடைய தராசு?"

"தராசுங்களா?"

"இந்த லேப்டாப் யாருடையது?"

"என்னோடதுங்க."

"கடைக்காரர் தராசை வைத்துக் கடைக்காரரைச் சோதிக்கிற வழக்கம் எங்கள் துறையில் இல்லை. என் கம்ப்யூட்டரில் என்ன காட்டுகிறதோ அதுதான் கணக்கு."

அப்போது அவள் சொன்னாள் தம்பி, சொன்னாள் பாருங்கள் ஒரு வார்த்தை. "சார், உங்களுதுல பன்னண்டுன்னு காட்டுனா, நீங்க அதை எட்டால பெருக்கிக்கோணுமுங்க."

முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ சமாதானம் கேட்டிருக்கிறேன். மழையில் கல் கரைந்துவிட்டது என்று ஒருவன் சொன்னான். தராசு மாமியார் வீட்டுச் சீதனம், அதனால் சோதிக்கக் கூடாது என்று ஒருவன் சொன்னான். ஆனால், 'உங்கள் தராசு காட்டுவதை எட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்' என்று எந்தக் கடைக்காரனும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. "போதும், நீ போகலாம்" என்றேன். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லையே!

சிரிக்கிறாள், கேட்கிறதா? சொன்னேன் அல்லவா.

அன்று மாலையே தணிகாசலத்திடம் போனேன். அவர் வீட்டிலும் நூறு. இறக்கிப் பார்த்தால் பன்னிரண்டு. எதிர் வீட்டில் ஐம்பது எடுத்திருக்கிறார்கள். அங்கே ஆறு. மூன்று நாளில் காலனி முழுக்கச் சோதித்துவிட்டேன். ஒரு வீடு பாக்கியில்லாமல் குறைவு. வீட்டுக்கு வந்து சொன்னேன். சௌந்தரம் என்ன சொன்னாள் தெரியுமா? "ஏனுங்க, நூறுக்காரங்களுக்குப் பன்னண்டு, அம்பதுக்காரங்களுக்கு ஆறு. எல்லாருக்கும் எட்டுல ஒண்ணுங்க. திருடறதுல இத்தனை நியாயமா நடந்துக்கற புள்ளைய நீங்க ஏன் திட்டறீங்க?" என்கிறாள். கணக்கு தெரியாதவர்களோடு குடும்பம் நடத்துவதில் இருக்கிற கஷ்டம் உங்களுக்கு இப்போது புரியாது. கல்யாணம் ஆகட்டும்.

சங்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். பிருந்தாவின் இணைப்பை நீக்கிவிட்டு வேறு ஆளைப் பார்ப்பது என்று. முப்பத்தொன்பது வீட்டில் கையெழுத்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், திங்கட்கிழமை கம்பி அறுப்பு. சனிக்கிழமை காலை பிருந்தா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "சார், இந்தக் காலனி போச்சுன்னா என்கிட்ட மிச்சம் இருக்கறது பதினொரு வீடுங்க. அதை வெச்சு ஓட்ட முடியாது. மறுபடியும் ஜவுளிக்கடையில போய் புடவை மடிக்கோணும். ஒரே ஒருக்கா நான் சொல்றதைக் கேளுங்க சார்" என்றாள்.

"கூட்டத்துக்கு வாம்மா. அங்கே எல்லார் முன்னாலும் சொல்" என்றேன். முறை என்று ஒன்று இருக்கிறதே! குற்றம் சாட்டப்பட்டவரிடம் தனியாகப் பேசக் கூடாது.

காபி எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றைம்பது மில்லி. அளந்துதான் வரும்.

ஞாயிறு காலை பத்து மணி. தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தணிகாசலம் மேசையில் தன் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தார், சாட்சிக்கு. நான் வெறுங்கையோடு போகவில்லை. அளவு குறைப்பு என்றால் என்ன என்று சனங்களுக்குக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். அதனால் என்னிடம் இருக்கிற பித்தளை அளவைகளை மரப்பெட்டியோடு எடுத்துக்கொண்டு போனேன். சின்ன ஆழாக்கில் இருந்து பெரிய படி வரை மொத்தச் செட். கிலோவும் லிட்டரும் வருவதற்கு முன்னால் அரசாங்கம் வைத்திருந்தது. ஆபீஸ் மூலையில் கிடந்தது. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுத்தான் எடுத்துக்கொண்டேன். கேட்டபோது அறையில் யாரும் இல்லை. மறுத்தவர்களும் யாரும் இல்லை.

அரிசிக்கு, வீட்டில் இருந்த இருபத்தைந்து கிலோ சிப்பத்தைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனேன். சௌந்தரம், "ஒரு படி கொண்டுபோனா பத்தாதுங்களா?" என்றாள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை.

எழுந்து நின்று பேசினேன். என் சர்வீஸைப் பற்றி ஒரு இருபது நிமிடம். அலகு இல்லாத எண் எண்ணே இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னேன், சிலர் தாமதமாக வந்தார்கள். பிறகு படியையும் ஆழாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "படி நிறையத் தருகிறேன் என்று சொல்லி இந்த ஆழாக்கை நீட்டினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?" என்று கேட்டேன். நல்ல கைதட்டல்.

பிருந்தா கடைசி வரிசையில் இருந்து எழுந்தாள். "சார், ஒரு சந்தேகமுங்க. உங்க நோட்டுல பன்னண்டு புள்ளி ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க. பன்னண்டு புள்ளி ஒண்ணு... என்னங்க?"

"என்ன என்றால்?"

"என்ன அலகுங்க?"

நோட்டைப் பார்த்தேன். பதினைந்து நாள், தினம் மூன்று, நாற்பத்தைந்து எண். ஒன்றுக்குப் பக்கத்திலும் அலகு இல்லை தம்பி. அவசரத்தில் எழுதியது. யாருக்கும் நடக்கும்.

தணிகாசலம் கம்ப்யூட்டரைப் பார்த்துப் படித்தார். "மெகாபைட், ஒரு வினாடிக்கு." பிருந்தா பில்லை நீட்டினாள். "இதையும் படிங்க சார்." "நூறு மெகாபிட், ஒரு வினாடிக்கு."

"பிட் வேற, பைட் வேறங்க. எட்டு பிட் சேர்ந்தாத்தான் ஒரு பைட்" என்றாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. யாருக்கும் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டியது தணிகாசலம் மட்டும். பிருந்தா நேராக மேசைக்கு வந்தாள். என் ஆழாக்கைக் கையில் எடுத்தாள். "சார், இதுல எத்தனை போட்டா அந்தப் படி நிறையுமுங்க?"

என்னிடமே கேட்கிறாள்! "இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆக, எட்டு ஆழாக்கு ஒரு படி" என்றேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

"நான் தரேன்னு எழுதிக் குடுத்தது நூறு ஆழாக்குங்க சார். உங்க கம்ப்யூட்டர் படியில அளக்குது. நூறு ஆழாக்கு எத்தனை படி வருமுன்னு நீங்களே அளந்து சொல்லுங்க. உங்க அளவை, உங்க அரிசி, உங்க கை. என்னோட தராசு ஒண்ணும் இல்லைங்க."

வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அளக்காமல் எதையும் ஒத்துக்கொண்டவன் இல்லை. சிப்பத்தைப் பிரித்தேன். முன்வரிசையில் ஒருவர், "கூம்பா குமிச்சா, தலை தட்டியா?" என்று கேட்டார். அர்த்தமுள்ள கேள்வி. தலை தட்டித்தான் அளந்தேன். எட்டு ஆழாக்கு போட்டதும் படி விளிம்புக்குச் சரியாக வந்து நின்றது. அதை விரித்த துணியில் கொட்டி, "படி ஒன்று" என்றேன். மறுபடி எட்டு. "படி ரெண்டு" என்று நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள். ஐந்தாவது படிக்குக் காலனி மொத்தமும் எண்ணியது. ஆழாக்கு தொண்ணூற்றாறில் பன்னிரண்டாவது படி நிறைந்தது. மீதி நாலைப் போட்டேன். பாதிப் படியில் நின்றது.

நூறு ஆழாக்கு, பன்னிரண்டரைப் படி.

  முப்பத்தொன்பது கையெழுத்துக்காரர்களும் என்னைப் பார்த்தார்கள். சௌந்தரம் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தொட்டியின் தூணைப் பார்த்தாள். பிருந்தா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. சிந்திய அரிசியைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். 

இந்த இடத்தில் வேறு ஆளாக இருந்தால் உட்கார்ந்திருப்பான். நான் நோட்டை மறுபடி பார்த்தேன். பன்னிரண்டரை வர வேண்டும். வந்திருப்பது பன்னிரண்டு புள்ளி ஒன்று. "மூன்று ஆழாக்குக்கு மேல் குறைகிறதே, அது எங்கே?" என்றேன்.

தணிகாசலம் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆனால் பிருந்தா நிமிர்ந்தாள். "அது வந்துங்க சார், எதையும் பொட்டலம் பொட்டலமாக் கட்டித்தான் அனுப்புவோம். ஒவ்வொரு பொட்டலத்து மேலயும் யாருக்குப் போகோணும்னு விலாசம் இருக்கும். அதுவும் அந்த நூறுக்குள்ளதான் வருமுங்க."

"இனிப்புப் பெட்டி!" என்று கத்திவிட்டேன். "ஜாங்கிரியை அட்டைப்பெட்டியோடு சேர்த்து எடை போடுவது! பெட்டி எடையைக் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் குற்றம்! எத்தனை ஸ்வீட் கடைக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன்!"

பிருந்தா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் தம்பி. அந்த மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். "சரிங்க சார். நாளையில இருந்து பெட்டியைத் தனியா வெச்சுடறேன். உங்களுக்கு மட்டுமில்லை, நாப்பத்திரண்டு வீட்டுக்கும்" என்றாள். சொன்னபடி நூற்றை நூற்று நாலாக்கிவிட்டாள். மறுநாள் இறக்கிப் பார்த்தேன். பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் மேலேயே. கொசுறு!

ஆக, அந்த வழக்கில் நான் ஜெயித்தேன்.

சிரிக்கட்டும், விடுங்கள். ஜெயிக்கவில்லை என்றால் காலனி முழுக்க எப்படி நாலு கூடியது? கேளுங்கள் அவளை.

அப்புறம் அந்த மனு. கையெழுத்து வாங்கிய மனுவைச் சும்மா கிழித்துப் போடக் கூடாது. முறை தப்பு. முப்பத்தொன்பது வீட்டுக்கும் நடந்தேன். ஒவ்வொருவரிடமும் அவரவர் கையெழுத்தை அவரவர் கையாலேயே அடிக்கச் சொல்லி, பக்கத்தில் சுருக்கொப்பம் வாங்கினேன். நல்ல வெயில். ஒவ்வொரு வீட்டிலும், "என்னாச்சுங்க சார்?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும், "அலகு எழுத விட்டுப்போச்சு, தவறு என்னுடையது" என்று சொன்னேன். முப்பத்தொன்பது தடவை. அதைக் கொண்டுபோய்ப் பிருந்தாவிடம் கொடுத்தேன், கோப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லி. சௌந்தரம் அதற்கும், "அந்தப் புள்ளைகிட்ட ஒரே ஒருக்கா மன்னிச்சுக்கோன்னு சொல்லியிருந்தா நடை மிச்சமுங்க" என்றாள். அதற்கு எங்கள் துறையில் படிவம் கிடையாது.

அரிசியை வீட்டில் திரும்ப அளந்தோம். அரை ஆழாக்கு குறைவு. அந்த விசாரணை இன்னும் நடக்கிறது.

சரி, இப்போது உங்கள் படிவத்தைக் கொடுங்கள். பேனா இருக்கிறது. 'வேகம்: இருநூறு.' ம். இருநூறு என்ன தம்பி? ஆழாக்கா, படியா? தெரியாதா? பெட்டியோடா, பெட்டி இல்லாமலா? அதுவும் தெரியாதா? எப்படி இருந்தாலும் இருநூறு என்றால் நூற்றைவிட இருமடங்கு என்கிறீர்கள். இருக்கலாம். அலகு இல்லாமல் அதை நான் எப்படிச் சொல்வது? உங்கள் மேலதிகாரிக்குப் போன் போடுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள், நானும் கேட்கிறேன்.

கேட்டீர்களா? என்ன சொல்கிறார்! "டவுன்லோடுல இருபத்தஞ்சுதான் காட்டும்பா, இருநூறை எட்டால வகுத்துக்கச் சொல்லு" என்கிறார். வகுத்துக்கொள்ள வேண்டுமாம்! தம்பி, வித்தியாசம் புரிகிறதா? பிருந்தா பெருக்கிக்கொள்ளச் சொன்னாள். உங்கள் ஆள் வகுத்துக்கொள்ளச் சொல்கிறார். கொடுக்கிறவள் பெருக்கச் சொல்வாள். எடுக்கிறவர்தான் வகுக்கச் சொல்வார்.

"ஏனுங்க, அவ சொன்னதும் இவரு சொல்றதும் ஒரே கணக்குதானுங்க!"

நீ சும்மா இரு சௌந்தரம். எனக்குத் தெரியும். தம்பி காபியைக் குடிக்கட்டும்.

இந்தாருங்கள், எழுதிவிட்டேன். 'பார்வையிடப்பட்டது. அலகு குறிப்பிடப்படவில்லை. திருப்பி அனுப்பப்படுகிறது.' கீழே என் கையெழுத்து, தேதியோடு. வெளியே போகும்போது தணிகாசலத்தைப் பார்த்துத் தாராளமாகச் சொல்லுங்கள், நாச்சிமுத்து சார் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று. மற்ற நாற்பத்தொரு பேரும் இதே மாதிரி போடுவார்கள்.